புனலுக்கு இன்னொரு பெயர்: அயர்லாந்து எழுத்தாளர்களும் அயலூரில் அவர்கள் எழுதிய ஆங்கிலமும்

ஜேம்ஸ் ஜாய்ஸ் எழுதி 1916-இல் நூலாக வந்த ‘எ போர்ட்ரெய்ட் ஆஃப் தி ஆர்ட்டிஸ்ட் அஸ் எ யங் மேன்’ நாவலின் ஐந்தாம் அத்தியாயத்தில் மிகச் சாதாரணமான ஒரு காட்சி வருகிறது. டப்ளின் கல்லூரி ஒன்றில், ஆங்கிலேயப் பாதிரியாரான கல்வி முதல்வர் குனிந்து கணப்பில் தீ மூட்டிக்கொண்டிருக்கிறார். மாணவன் ஸ்டீபன் டெடலஸ் அருகில் நிற்கிறான். பேச்சு விளக்கின் பக்கம் திரும்ப, விளக்குக்கு எண்ணெய் ஊற்றும் புனலை முதல்வர் ‘ஃபனல்’ என்கிறார். ஸ்டீபனுக்கோ அது ‘டன்டிஷ்’. அப்படியொரு சொல்லை வாழ்நாளில் கேட்டதே இல்லை என்று முதல்வர் வியந்து, அயர்லாந்தில் அதற்கு அதுதான் பெயரா என்று விசாரிக்கிறார். மிகச் சிறந்த ஆங்கிலம் பேசப்படும் டப்ளினின் லோயர் டிரம்கோண்ட்ரா பகுதியில் அதை அப்படித்தான் அழைக்கிறார்கள் என்று ஸ்டீபன் சிரித்துக்கொண்டே பதில் சொல்லிவிடுகிறான். ஆனாலும் உள்ளுக்குள் சுருக்கென்று தைக்கிறது. நாங்கள் பேசிக்கொண்டிருக்கும் இந்த மொழி எனக்கு முன்பே அவருக்குச் சொந்தம். வீடு, கிறிஸ்து, எசமான் என்ற சொற்கள் அவர் வாயில் ஒருவிதமாகவும் என் வாயில் வேறுவிதமாகவும் ஒலிக்கின்றன. பழகியதும் அந்நியமானதுமான இது எனக்கு என்றைக்கும் கற்றுக்கொண்ட பேச்சாகவே இருக்கும் என்று அவன் எண்ணிக்கொள்கிறான்.

இந்தக் காட்சியைக் காட்டி, அயர்லாந்துக்காரர்கள் தங்கள்மீது சுமத்தப்பட்ட ஆங்கிலத்தை ஆங்கிலேயரைவிட நன்றாக எழுதிப் பழிதீர்த்துக்கொண்டார்கள் என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. கேட்க இனிமையான கூற்றுதான். ஆனால் அதை வைத்துக்கொண்டு ஆஸ்கர் வைல்டையும் சாமுவேல் பெக்கெட்டையும் ஒரே வரிசையில் நிறுத்த முடியாது. நாட்டைவிட்டுப் போன அயர்லாந்து எழுத்தாளர்கள் எல்லாரும் ஒரே திசையில் போகவில்லை. லண்டனுக்குப் போனவர், அம்மொழியின் சொந்தக்காரர்கள் நடுவே, அவர்கள் காதுபட, அவர்களுடைய கைத்தட்டலுக்கும் காசுக்கும் எழுத வேண்டியிருந்தது. அட்ரியாட்டிக் துறைமுகமான ட்ரியெஸ்டுக்கும் பாரிசுக்கும் போனவரைச் சுற்றித் தெருவில் ஆங்கிலமே ஒலிக்கவில்லை. அவர் எழுதிய ஆங்கிலம் பெரும்பாலும் நினைவிலிருந்தும் புத்தகங்களிலிருந்தும் வந்தது. ஒருவர் எத்தகைய ஆங்கிலம் எழுதினார் என்பதை, அவருடைய அரசியலைவிட அவர் குடியேறிய ஊரே அதிகமாகத் தீர்மானித்தது என்று எனக்குத் தோன்றுகிறது.

அயர்லாந்தில் ஆங்கிலம் எப்படிப் பெரும்பான்மையோரின் தாய்மொழியானது என்பதை முதலில் பார்த்துவிடலாம். 1831-இல் தொடங்கப்பட்ட தேசியப் பள்ளிகள் ஆங்கிலத்தில் மட்டுமே கற்பித்தன. பல ஊர்களில் பிள்ளைகளின் கழுத்தில் ஒரு குச்சியைக் கட்டிவிட்டு, அவர்கள் அயர்லாந்தின் பழைய மொழியான ஐரிஷில் பேசும்போதெல்லாம் அதில் ஒரு வெட்டுப் போட்டு, பின்னர் வெட்டுகளை எண்ணித் தண்டித்தார்கள். இதில் ஆசிரியரோடு பெற்றோரும் கைகோத்திருந்தார்கள் என்பதுதான் மனத்தை உறுத்துகிறது. நாளை கப்பலேறிப் பிழைக்கப் போகிற பிள்ளைக்கு ஐரிஷ் எதற்கு என்பது அவர்கள் போட்ட கணக்கு. ஐரிஷ் பேசும் வீட்டில் வளர்ந்த மக்கள் தலைவர் டேனியல் ஓ’கானலே, அம்மொழி மெல்ல வழக்கொழிவதைப் பற்றித் தமக்கு வருத்தமில்லை என்ற நிலையில் இருந்தார். 1845-இல் உருளைக்கிழங்குப் பயிரை அழுகல் நோய் தாக்கியது. அதைத் தொடர்ந்த பஞ்சத்தில் சுமார் பத்து லட்சம் பேர் பட்டினியாலும் நோயாலும் இறந்தார்கள். அதற்குக் குறையாத எண்ணிக்கையினர் நாட்டைவிட்டு வெளியேறினார்கள். இரண்டு கணக்கிலும் பேரிழப்பு, ஐரிஷ் பேசிய மேற்கு, தெற்குப் பகுதி ஏழைகளுக்கே. 1851 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஐரிஷ் தெரிந்தவர்கள் சுமார் 15 லட்சம், அதாவது நூற்றுக்கு 23 பேர். 1891-இல் அந்த எண்ணிக்கை 7 லட்சத்துக்கும் கீழே போய்விட்டது.

மொழி மாறியவர்கள் பழைய மொழியை முழுதாக இறக்கி வைத்துவிடவில்லை. ஐரிஷில் ‘ஆம்’, ‘இல்லை’ என்பவற்றுக்குத் தனிச்சொற்கள் கிடையாது. ‘வந்தாயா?’ என்று கேட்டால் ‘வந்தேன்’ என்று தமிழில் நாம் வினையையே விடையாகத் திருப்பித் தருவதைப்போல அவர்களும் தருவார்கள். அந்தப் பழக்கம் அவர்கள் பேசிய ஆங்கிலத்துக்குள்ளும் கூடவே வந்தது. ‘இப்போதுதான் சாப்பிட்டேன்’ என்பதற்கு அயர்லாந்துக்காரர் ‘ஐ ஆம் ஆஃப்டர் ஈட்டிங்’ என்பார். அது ஆங்கிலேயர் காதில் பிழையாக விழும். உண்மையில் அது ஐரிஷ் வாக்கிய அமைப்பின் நேர் வார்ப்பு. ஆகவே, வெளியூர் போன எழுத்தாளர் தம்மோடு எடுத்துச் சென்ற ஆங்கிலம் லண்டனிலிருந்து இறக்குமதியான சரக்கு மட்டும் ஆகாது. அதன் அடியில் வேறொரு மொழியின் எலும்புக்கூடு இருந்தது.

இங்கே ஒரு எச்சரிக்கை தேவை. வைல்ட், நாடகாசிரியர் பெர்னார்ட் ஷா, கவிஞர் யேட்ஸ், பெக்கெட் ஆகியோர் புராட்டஸ்டண்டுக் குடும்பங்களில் பிறந்தவர்கள். அவர்களுடைய வீட்டில் ஆங்கிலம் பல தலைமுறைகளாகவே இருந்தது. பாட்டன் வாயிலிருந்து ஐரிஷ் பிடுங்கப்பட்ட கதையை அவர்கள் எல்லாருக்கும் ஒட்டவைப்பது பிழையாகும். இருந்தாலும், அவர்களுக்கும் ஆங்கிலம் முழு உரிமையோடு கைக்கு வரவில்லை. 1937-இல் யேட்ஸ் இதை நறுக்கென்று சொன்னார்: கேலிக் (ஐரிஷின் இன்னொரு பெயர்) என் தேசிய மொழி, ஆனால் என் தாய்மொழி அன்று. தம் ஆன்மாவையே ஷேக்ஸ்பியருக்கும் ஸ்பென்சருக்கும் பிளேக்குக்கும் கடன்பட்டிருப்பதாக எழுதிய அதே கட்டுரையில், தம்முடைய வெறுப்பு அன்பாலும் அன்பு வெறுப்பாலும் தம்மை வதைக்கிறது என்றும் எழுதினார். அவர் நேசித்த எட்மண்ட் ஸ்பென்சர், அயர்லாந்தை இரக்கமின்றி அடக்க வேண்டும் என்று வாதிட்ட நூலின் ஆசிரியரும் ஆவார் என்பதை நினைவில் கொண்டால், அந்த வாக்கியம் அலங்காரமாகத் தெரியாது.

லண்டனுக்கு வருவோம். 1874-இல் டப்ளினிலிருந்து ஆக்ஸ்ஃபோர்டுக்குப் போன வைல்ட், அங்கே தாம் மறந்துபோன பல பொருள்களில் தம் அயர்லாந்து உச்சரிப்பும் ஒன்று என்று வேடிக்கையாகச் சொன்னவர். ஆங்கில உயர்குடியினரின் வரவேற்பறைப் பேச்சை அவரைவிட நேர்த்தியாக மேடையேற்றியவர் அன்று இல்லை. வெளியாளாக நின்று கேட்டவர் என்பதாலேயே, அப்பேச்சு பொருளைவிடத் தோரணையால் நடக்கிறது என்பது அவருக்குப் பிடிபட்டது. அவருடைய பாத்திரங்கள் உண்மைகளைத் தலைகீழாக்கிப் பேசும்போது, பார்வையாளர்கள் தங்கள் பேச்சையே கேட்டுச் சிரித்தார்கள். அந்த நேர்த்திக்கு உள்ளே ஒரு முள்ளும் இருந்தது. 1891-இல் பிரெஞ்சு எழுத்தாளர் எட்மோன் த கோன்கூருக்கு எழுதிய கடிதத்தில், பற்றினால் தாம் பிரெஞ்சுக்காரர் என்றும், இனத்தால் ஐரிஷ்காரர் என்றும், ஷேக்ஸ்பியரின் மொழியைப் பேசும்படி ஆங்கிலேயர்கள் தம்மைத் தண்டித்துவிட்டார்கள் என்றும் சொல்கிறார். அக்காலத்தில் ‘சலோமே’ நாடகத்தை அவர் பிரெஞ்சிலேயே எழுதினார். விவிலியப் பாத்திரங்கள் மேடையில் வருவதைக் காரணம் காட்டி 1892-இல் லண்டன் தணிக்கை அதிகாரி அதைத் தடுத்தார்.

ஷாவின் வழி வேறு. 1876-இல், பத்தொன்பது வயதில் லண்டன் போன அவர் தம் டப்ளின் உச்சரிப்பைக் கைவிடவில்லை; மாறாக, ஆங்கிலேயரின் உச்சரிப்பையே மேசைமேல் வைத்து அறுத்துப் பார்த்தார். ‘பிக்மேலியன்’ நாடகத்தில் பூ விற்கும் பெண் எலைசாவின் வாழ்க்கையை மாற்றுவது அறிவோ பணமோ இல்லை, உயிரெழுத்துகளின் ஒலிப்பு. ஓர் ஆங்கிலேயர் வாய் திறந்தாலே இன்னோர் ஆங்கிலேயர் அவரை வெறுப்பார் என்று அதன் முன்னுரையில் எழுதியவருக்கு, அந்த வெறுப்பு வர்க்கத்தின் கணக்கு என்பது தெளிவாகத் தெரிந்திருந்தது. வேடிக்கை என்னவென்றால், அறிவிப்பாளர்கள் சொற்களை எப்படி உச்சரிக்க வேண்டும் என்று முடிவு செய்ய பிபிசி அமைத்த பேச்சு ஆங்கில ஆலோசனைக் குழுவுக்கு, 1930-இலிருந்து தலைமை தாங்கியவர் இந்த அயர்லாந்துக்காரர்தான். ஆங்கிலத்துக்குப் புதிய எழுத்துமுறையே வேண்டும் என்று தம் உயிலில் பணம் ஒதுக்கினார். அப்படி உருவான எழுத்தில் அவருடைய நாடகம் ஒன்று 1962-இல் அச்சானது. அந்த எழுத்தை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை.

இதே லண்டனில் இன்னோர் எழுத்தாளரும் இருந்தார். அவரை உலகம் அதிகம் அறியாது. போட்ரிக் ஓ கொனேரி 1882 பிப்ரவரியில், ஜாய்ஸ் பிறந்த அதே மாதத்தில், கால்வே நகரில் பிறந்தவர். லண்டனில் கல்வித் துறை அலுவலகத்தில் எழுத்தராக வேலை பார்த்துக்கொண்டே ஐரிஷில் எழுதினார். 1910-இல் வெளியான அவருடைய நாவலின் பெயர், தமிழில் சொன்னால், ‘நாடு நீங்கிய வாழ்வு’. லண்டன் தெருவில் மோட்டார் வண்டி மோதிக் கையும் காலும் இழந்த அயர்லாந்துக்காரன் ஒருவன், பிழைப்புக்காகச் சர்க்கஸில் காட்சிப் பொருளாக நிற்கும் கதை அது. ஐரிஷ் என்றால் கடற்கரைக் குடிசை, கிழவிக் கதை என்று இருந்த காலத்தில், அம்மொழியின் முதல் நவீன நாவல்களில் ஒன்று பேரரசின் தலைநகரில் நிகழ்ந்தது. 1950-களில் இங்கிலாந்தின் நார்த்தாம்ப்டனில் சாலை, கட்டட வேலைகளுக்கு மண் வெட்டிய டோனல் மக் ஔலியும் ஐரிஷிலேயே நாட்குறிப்பு எழுதினார். 1960-இல் அது நூலானது. ஆங்கிலம் பேசும் நாட்டில் நாள் முழுதும் கூலி வேலை செய்துவிட்டு, இரவில் ஐரிஷில் எழுத உட்கார்ந்த அந்த மனிதரை விட்டுவிட்டு ‘அயர்லாந்து எழுத்தாளரும் ஆங்கிலமும்’ என்று எழுதப்படும் எந்த வரலாறும் அரைகுறையானது.

மக் ஔலியின் தலைமுறைக்கு நெருங்கிய எட்னா ஓ’பிரையன் 1950-களின் இறுதியில் லண்டனில் குடியேறினார். அங்கிருந்து எழுதிய முதல் நாவல் ‘தி கன்ட்ரி கேர்ள்ஸ்’ 1960-இல் வந்தது. அயர்லாந்துத் தணிக்கை வாரியம் உடனே தடை செய்தது. கிளேர் மாவட்டக் கிராமப் பெண்களின் பேச்சை அவர் எழுதிய ஆங்கிலத்தில் லண்டனின் வாடையே இல்லை. அவருடைய சிக்கல் மொழியைவிட அம்மொழியில் ஒரு பெண் எதைச் சொல்லலாம் என்பதில் இருந்தது. லண்டன் அவருக்குப் பேசுவதற்கான இடம் மட்டுமே. 2024-இல் அங்கேயே இறந்த அவரை, சொந்த ஊர்ப் பக்கத்து ஏரித் தீவு ஒன்றில் அடக்கம் செய்தார்கள்.

ட்ரியெஸ்டில் நிலைமை முற்றிலும் வேறு. 1904 அக்டோபரில் தம் காதலி நோரா பார்னக்கிளோடு டப்ளினைவிட்டுக் கிளம்பிய ஜாய்ஸ், சில மாதங்கள் பொலா நகரில் இருந்துவிட்டு, 1905-இல் ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசின் துறைமுகமான ட்ரியெஸ்டுக்கு வந்து பெர்லிட்ஸ் பள்ளியில் ஆங்கிலம் கற்பித்தார். அப்பள்ளியின் முறைப்படி வகுப்பில் மாணவரின் மொழியைப் பயன்படுத்தக் கூடாது. ஒவ்வொரு பொருளையும் காட்டி ஆங்கிலப் பெயரைச் சொல்ல வேண்டும். ‘டன்டிஷ்’ சொல்லி அடிபட்ட மாணவன், இப்போது ஊதியத்துக்கு ஆங்கிலத்தின் பிரதிநிதியாக நிற்கிறான்! வீட்டில் பிள்ளைகளோடு பேசியது ட்ரியெஸ்ட் இத்தாலியன்; பிற்காலத்தில் அவர்களுக்கு எழுதிய கடிதங்களும் இத்தாலியனில். உள்ளூர் நாளிதழுக்கு அயர்லாந்து அரசியலைப் பற்றி அவர் எழுதியதும் இத்தாலியனில்தான். இப்படி ஆங்கிலம் அவருடைய அன்றாடத்திலிருந்து ஒதுங்கி, வகுப்புச் சரக்காகவும் எழுத்துப் பொருளாகவும் மட்டும் மீந்தது. கேட்டுக் கேட்டுத் தேய்ந்த மரபுத்தொடர்களைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்க்கும் பழக்கம் ‘யுலிசஸ்’ நாவலில் பக்கத்துக்குப் பக்கம் தெரிகிறது. ஓர் அத்தியாயத்தில், பழைய ஆங்கிலத்திலிருந்து தெருக் கொச்சைவரை ஆங்கில உரைநடையின் வரலாற்றையே வரிசையாகப் போலி செய்து காட்டுகிறார். தாய்மொழிக்காரர் ஒருவர் இவ்வளவு தூரம் எட்ட நின்று தம் மொழியைப் பார்த்திருப்பாரா என்பது ஐயமே.

அதே நேரத்தில் ஐரிஷ் மொழியை மீட்க முயன்ற மறுமலர்ச்சிக்காரர்களோடும் அவர் சேரவில்லை. டப்ளினில் சிறிது காலம் ஐரிஷ் படித்துவிட்டு விட்டுவிட்டார். ‘யுலிசஸ்’ தொடக்கத்தில் பால்காரக் கிழவியிடம் ஆங்கிலேயன் ஹெய்ன்ஸ் ஐரிஷில் பேசுகிறான். நீங்கள் பேசுவது பிரெஞ்சா ஐயா என்று அவள் கேட்கிறாள். ஆங்கிலேயன் கையில் ஐரிஷும் அயர்லாந்துக் கிழவி கையில் ஆங்கிலமும் மாறிப்போன நாட்டைப் பற்றி நூறு பக்கம் எழுதினாலும் இந்த ஒரு கேள்விக்கு ஈடாகாது.

இங்கே நமக்குப் பக்கத்தில் நடந்த கிளைக்கதை ஒன்று உண்டு. 1904 கோடையில், நிலையான வீடில்லாமல் அலைந்த ஜாய்ஸுக்குச் சில நாள் இடம் கொடுத்தவர் ஜேம்ஸ் கசின்ஸ் என்ற கவிஞர். 1912-இல் அவருடைய கவிதையை ஜாய்ஸ் தம் வசைப்பாடல் ஒன்றில் நன்றி இல்லாமல் கேலி செய்தார். அந்தக் கசின்ஸ் 1915-இல் அன்னி பெசன்ட் அழைப்பின் பேரில் சென்னை வந்து, ‘நியூ இந்தியா’ நாளிதழில் பணியாற்றி, பின்னர் மதனபள்ளியில் ஆசிரியராகி, 1956-இல் அங்கேயே இறந்தார். சென்னையில் அச்சான அவருடைய திறனாய்வு நூல் ஒன்றுக்கு மதிப்புரையாகத் தொடங்கியதுதான், அரவிந்தர் புதுச்சேரியிலிருந்து ஆங்கிலக் கவிதையின் எதிர்காலம் குறித்து எழுதிய நீண்ட தொடர். கசின்ஸுக்கு ஆங்கிலத்தோடு எந்தச் சண்டையும் இருந்ததாகத் தெரியவில்லை. அவருடைய கவிதைகளை இன்று யாரும் படிக்காததற்கு அதுவும் ஒரு காரணமோ என்னவோ.

புனலின் கதையை முடித்துவிடலாம். ‘எ போர்ட்ரெய்ட்’ நாவலின் இறுதிப் பக்கங்களில் ஸ்டீபனின் நாட்குறிப்பு வருகிறது. அகராதியைப் புரட்டிப் பார்த்திருக்கிறான். ‘டன்டிஷ்’ அயர்லாந்துச் சொல்லே இல்லை, பழைய, பச்சையான ஆங்கிலச் சொல். ஷேக்ஸ்பியரே ஒரு நாடகத்தில் அதைக் கையாண்டிருக்கிறார். ஆங்கிலேயர் மறந்துபோன ஆங்கிலத்தை டிரம்கோண்ட்ரா காப்பாற்றி வைத்திருக்கிறது! அந்த முதல்வர் இங்கே வந்தது தம் மொழியை எங்களுக்குக் கற்பிக்கவா, எங்களிடமிருந்து கற்கவா என்று ஸ்டீபன் சீறுகிறான். டப்ளினில் விழுந்த அடிக்குப் பதில் சொல்லும் இந்தப் பக்கத்தை, ஜாய்ஸ் அட்ரியாட்டிக் கடற்கரையில் உட்கார்ந்து எழுதினார். 1922-இல் ‘யுலிசஸ்’ பாரிசில் வெளியானபோது, அதை டிஜோன் நகர அச்சகத்தில் எழுத்துக் கோத்தவர்களில் பெரும்பாலோருக்கு ஆங்கிலமே தெரியாது. தணிக்கைக்கு அஞ்சி லண்டனும் நியூயார்க்கும் தொடத் தயங்கிய ஆங்கில நூல், ஆங்கிலம் அறியாத கைகளால் உருப்பெற்றது.

பெக்கெட் இன்னும் ஒரு படி போனார். 1906-இல் டப்ளின் புறநகர் ஃபாக்ஸ்ராக்கில் பிறந்து, 1937-இல் பாரிசில் நிலைகொண்ட அவர், அந்த ஆண்டு ஒரு ஜெர்மானிய நண்பருக்கு ஜெர்மன் மொழியில் எழுதிய கடிதத்தில், தம் மொழி தமக்கு வரவர ஒரு திரையாகத் தெரிகிறது, பின்னால் இருப்பதை அடைய அதைக் கிழிக்க வேண்டும் என்றார். போர்க்காலத்தில் நாஜி ரகசியப் போலீசான கெஸ்டாபோவிடமிருந்து தப்பித் தென்பிரான்சின் ருசியோன் கிராமத்தில் ஒளிந்திருந்தபோதும் ஆங்கிலத்தில்தான் ஒரு நாவல் எழுதினார். 1946 மார்ச் மாதம், ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டிருந்த கதை ஒன்றின் நடுவே, பக்கத்தின் குறுக்கே ஒரு கோடு இழுத்துவிட்டு, அதன் கீழே பிரெஞ்சில் தொடர்ந்தார். அடுத்த சில ஆண்டுகளில் பிறந்தவைதான் ‘மொலாய்’ முதலான நாவல்களும் ‘கோதோவுக்காகக் காத்திருத்தல்’ நாடகமும். பிரெஞ்சில் நடையழகு இல்லாமல் எழுதுவது எளிது என்று அவர் காரணம் சொன்னார். கைக்குப் பழகிய ஆங்கிலத்தில் சொற்கள் தாமாகவே வந்து அமர்ந்துகொள்ளும், ஜாய்ஸின் நிழலும் கூடவே வரும். கற்றுக்கொண்ட மொழியில் ஒவ்வொரு சொல்லையும் கூப்பிட வேண்டும். ஸ்டீபனை வருத்திய ‘கற்றுக்கொண்ட பேச்சு’ பெக்கெட்டுக்குத் தேடிப்போய் எடுத்துக்கொண்ட வசதியாயிற்று. நீங்கள் ஆங்கிலேயரா என்று கேட்ட பிரெஞ்சுக்காரரிடம் ‘அதற்கு நேர்மாறு’ என்று பதில் சொன்னதாக அவரைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள்.

பிரெஞ்சில் எழுதியவற்றை அவரே ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தபோது நடந்ததைத்தான் நான் முக்கியமாகக் கருதுகிறேன். ஆங்கிலக் ‘கோதோ’வின் தொடக்கத்தில் விளாதிமிர் தன் நண்பனிடம், எழுந்திரு, உன்னைத் தழுவிக்கொள்கிறேன் என்கிறான், இவ்விரண்டையும் இணைக்க, ஆங்கிலேயர் போடாத இடத்தில் ‘டில்’ (வரை) என்ற சொல் வருகிறது. ‘-உம்படி’, ‘-அதற்காக’ என்ற பொருளில் அதை ஆள்வது அயர்லாந்துப் பேச்சு. பிரெஞ்சு வழியாகச் சுற்றிவந்த பெக்கெட்டின் கையில் மீண்டும் ஏறியது லண்டன் ஆங்கிலம் ஆகாது, டப்ளின் ஆங்கிலம். பிபிசி வானொலிக்காக ஆங்கிலத்திலேயே எழுதி, 1957 ஜனவரியில் ஒலிபரப்பான ‘ஆல் தட் ஃபால்’ நாடகத்தில் இது வெளிப்படையாகவே வருகிறது. டப்ளின் புறநகர் ரயில் நிலையத்திலிருந்து வீடு திரும்பும் வழியில், கண்பார்வையற்ற கணவர் டேன் ரூனி தம் மனைவி மேடியிடம், நீ செத்த மொழி ஒன்றோடு மல்லுக்கட்டுவதுபோல் சில நேரம் தோன்றுகிறது என்கிறார். ஆமாம், எனக்கும் அப்படித்தான் இருக்கிறது என்று ஒப்புக்கொள்ளும் மேடி, நம்முடைய பாவப்பட்ட கேலிக்கைப்போல இதுவும் ஒருநாள் செத்துத்தான் போகும் என்று சேர்த்துக்கொள்கிறாள். சொல்பவள் ஒரு நடுத்தரக் குடும்பத்துக் கிழவி. கேட்பவை பிரிட்டன் முழுதும் உள்ள வானொலிப் பெட்டிகள்.

பெக்கெட்டின் கடைசிப் படைப்பு ஒரு சிறு கவிதை. 1988-இல், முதுமையில், பாரிசில் அதைப் பிரெஞ்சில் எழுதினார். ‘எப்படிச் சொல்வது’ என்பது தலைப்பு. வாக்கியம் தொடங்கித் தடுமாறி, மீண்டும் தொடங்கி, ஒரு சொல்லுக்காகத் தவித்து, தலைப்பிலேயே வந்து முடிகிறது. 1989 டிசம்பரில் இறப்பதற்கு முன், அதையும் அவரே ஆங்கிலத்தில் எழுதி வைத்தார். அங்கே அந்த வரி ‘என்ன சொல் அது’ என்று இருக்கிறது.